மூன்றாவது துண்டு

பை திரும்பி வந்த அன்று காலையிலிருந்தே தூறல். கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. திருப்பூர் மண்ணரையில் மாடிக்கு மேலே தகரம் போட்டிருந்த அந்தப் பை தைக்கும் கூடத்தில், மழை பெய்தால் எதையும் கத்தித்தான் பேச வேண்டும். மெழுகு ஏற்றிய கேன்வாஸ் துணி ஈரக்காற்றுப் பட்டால் வெள்ளை பூத்துவிடும். ராஜபாண்டி கட்டிங் மேசை முன்னால் நின்று, பழைய பனியன் துணியைச் சுருட்டி ஒவ்வொரு பையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடம் மட்டும் ஈரமண்ணின் நிறத்துக்குத் திரும்பியது.

"ஏனுங்க்கா, கொரியர்காரரு கீழ நிக்கறாருங்க," என்று படியில் பாதி ஏறி நின்றபடி ஜெயசுதா சொன்னாள். பக்கத்துத் தெருக்காரி, நெசவுக் குடும்பம். பைக்கு உள்துணி தைப்பவள். "நாம அனுப்புன பொட்டியேதானுங்க. கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்கு வந்துருச்சாட்ட இருக்குது."

விஜயராணி சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

மகள் பிரியங்கா பெட்டியைப் பிரித்தாள். பைக்குள் ஒரு கடிதமும், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கவரும் இருந்தன. கவருக்குள் சீரகத்தைவிடச் சற்று நீளமாக ஏதோ ஒன்று மின்னியது. அவள் கடிதத்தை மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு எல்லோருக்குமாகத் தமிழில் சொன்னாள்.

"ஹைதராபாத்துல ஒரு மேடம். பையத் தூக்கிட்டு ஏர்போர்ட் போயிருக்காங்க. கைப்பிடியில இருந்து என்னமோ குத்தியிருக்கு. பிசிருன்னு விட்டுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கை வீங்கி, ஆஸ்பத்திரியில கீறி எடுத்திருக்காங்க. ஊசி முனைம்மா. நம்ம மிஷின் ஊசி." அவள் கவரைத் தூக்கிக் காட்டினாள். "பணம் வேண்டாமாம். பையும் வேண்டாமாம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்காங்க. உள்ள பேர் போட்டிருக்கே, மூக்கம்மாள்னு, அது நெசமான ஆளா, இல்ல விக்கறதுக்காக வச்ச பேரான்னு. நெசமான ஆளா இருந்தா, அனுப்பறதுக்கு முந்தி கைப்பிடியத் தடவிப் பாத்தாங்களான்னு அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லணுமாம்."

விஜயராணி பையின் நம்பரைப் பார்த்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்தக் கைப்பிடியைத் தைத்தது மூக்கம்மாள் இல்லை. விஜயராணிதான்.

பையின் வாய்ப்பக்கம் தோலில் பதித்திருக்கும் பேர் 'ராணி மண்ணரை'. வெளிநாட்டுப் பெட்டிக் கம்பெனிகள் பேருக்குப் பின்னால் ஊரைப் போட்டுக்கொள்வதைப் பார்த்து, அம்மா பேரில் பாதியையும் குடியிருந்த இடத்தையும் சேர்த்துப் பிரியங்கா வைத்த பேர். "ராணின்னு போட்டுட்ட. ராஜா எங்கன்னு எவனாவது கேட்டா என்னட்டி சொல்லுவ?" என்று ராஜபாண்டி அன்றைக்குக் கேட்டார். "பை தேய்ச்சுட்டு இருக்கார்னு சொல்லுவேம்ப்பா" என்றாள் மகள். டெல்லியில் ஒரு கடைக்காரர் மண்ணரை எந்த நாட்டில் இருக்கிறது என்று விசாரித்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பிரியங்கா படிப்புக்காக அகமதாபாத் போக வேண்டி வந்தபோது, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் மிஞ்சிய கேன்வாஸை வாங்கி விஜயராணி ஒரு பை தைத்தாள். உள்ளே போடத் துணி இல்லை. குழந்தைச் சட்டை தைக்கிற இன்டர்லாக் துணி வீட்டில் கிடந்தது, அதைப் போட்டாள். வெளியே முரட்டுத்துணி, உள்ளே கையை விட்டால் பச்சைப்பிள்ளையின் சட்டைக்குள் விட்டது மாதிரி. கூடப் படித்த பணக்காரப் பெண் ஒருத்தி உள்ளே விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லையாம். அங்கிருந்து வளர்ந்ததுதான் எல்லாம். இப்போது ஆம்பூரிலிருந்து தோல் வருகிறது. அனுப்பர்பாளையத்தில் குடமும் விளக்கும் செய்கிற அழகுமலை பித்தளைப் பக்கிள் அடித்துத் தருகிறார். ஐந்து மிஷின் ஓடுகிறது. ஒரு பை பதினெட்டாயிரம். அந்த விலையைச் சொல்லும்போது மட்டும் விஜயராணிக்கு இன்னமும் குரல் இறங்கிவிடும்.

பையில் கஷ்டமான வேலை கைப்பிடிதான். தோலை மடித்து, நடுவில் கயிறு வைத்து, முடிகிற இடத்தில் ஏழு மடிப்பின் மேல் ஊசி ஏற வேண்டும். கைப்பிடி தைத்தவரின் பேரை நெய்த லேபிளாக உள்ளே வைக்கலாம் என்றதும் பிரியங்காதான். மூக்கம்மாள், விஜயராணி என்று இரண்டு பேருக்கும் ஐந்நூறு லேபிள் வந்தது. மூக்கம்மாள் அன்றைக்கு ஒரு லேபிளைக் கேட்டு வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே பஸ்ஸில் விஜயராணியோடு வந்து இறங்கியவள் அவள். சொந்தமில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து இவளுக்கு அவள் 'மயினி', பிரியங்காவுக்கு 'அத்தை'.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மூக்கம்மாளின் வீட்டுக்காரர் ராக்கையாவுக்கு வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கூட்டிப்போகிற கொழுந்தன் மகன் அன்று வரவில்லை. "பன்னெண்டு கைப்பிடி என் கணக்குல கெடக்கு ராணி. பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்துக்க என்றால் என்னவென்று திருப்பூரில் தையல் மேசையில் உட்கார்ந்த எவளுக்கும் தெரியும். வராதவளின் துணிக்கட்டை வந்தவள் தைப்பாள். கட்டோடு வருகிற டிக்கெட்டில் வராதவள் பேரே இருக்கும். கூலி அவளுக்கே போகும். முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியில் விஜயராணியின் பிரசவத்துக்கு முந்தின மாசம் முழுக்க மூக்கம்மாள் அப்படித் தைத்திருக்கிறாள். விஜயராணி மூக்கம்மாளின் மிஷினில் உட்கார்ந்து, மூக்கம்மாளின் லேபிளை வைத்துப் பன்னிரண்டையும் தைத்தாள். எட்டாவது கைப்பிடியில் ஊசி உடைந்தது.

கம்பெனியில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதி, மிஷின் நம்பர், தைத்தவள் பேர் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தால் அந்தக் கட்டு முழுவதையும் இரும்பு கண்டுபிடிக்கிற டிடெக்டரில் ஓட்டிப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்த நோட்டை ஆறு வருஷம் வைத்திருந்தவள் விஜயராணியேதான். துண்டு கிடைக்காமல் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை, "ஒரு கொழந்த கழுத்துல ஏறுனா நீ போய் எடுப்பியாட்டி?" என்று விரட்டியவள். சொந்தமாகப் பை தொடங்கியபோது அந்த நோட்டு போடவில்லை. ஜிப், ரிவிட், பக்கிள் என்று உடம்பெல்லாம் இரும்பும் பித்தளையுமாக இருக்கிற பையை எந்த டிடெக்டரில் ஓட்டுவது?

இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. காந்தத்தால் தரையைத் துழாவினாள், குண்டூசியாக வந்தது. கைப்பிடியை மூன்று முறை உருவிப் பார்த்தாள், ஒன்றும் தட்டவில்லை. கைப்பிடியை அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தோல் வீணாகும், இன்னொன்று தைக்க முக்கால் மணி நேரம் ஆகும். கீழே கொரியர்காரர் ஹாரன் அடித்தார். "முடிஞ்சிச்சாம்மா?" என்று பிரியங்கா இரண்டாவது தடவையாகக் கத்தினாள். தரையில்தான் எங்காவது விழுந்திருக்கும் என்று விஜயராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிடைத்த இரண்டு துண்டையும் எங்கே வைத்தாள் என்பதுகூட அப்புறம் நினைவில்லை.

"அத்தை, இங்க கொஞ்சம் வாங்க," என்றாள் பிரியங்கா.

கடைசி மிஷினில் மழைச் சத்தத்தில் எதுவும் கேட்காமல் தைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள், கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். பிரியங்கா எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். மூக்கம்மாள் பையை வாங்கினாள். கைப்பிடியை அவள் பார்க்கவில்லை. உள்ளே கையை விட்டு லேபிளை வெளியே இழுத்தாள். பேருக்குக் கீழே பை நம்பரும் தேதியும் முத்திரை குத்தியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்தான், ஆனால் எண்ணெல்லாம் நன்றாக வரும். தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி விஜயராணியைப் பார்த்தாள்.

அதில் கோபமில்லை. ஒரு விஷயத்தை இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டியிருக்கும்போது, நீ சொல்லுதியா நான் சொல்லவா என்று பார்ப்பதுண்டே, அந்தப் பார்வை.

விஜயராணியின் கையில் டீ கிளாஸ் இருந்தது. டீயில் ஆடை கட்டியிருந்தது. அடுத்த வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் நின்றாள். ஆனால் அடுத்த வார்த்தையைப் பிரியங்கா பேசினாள்.

"உங்க பேருதானே அத்தை?"

"என் பேருதான் போட்டிருக்கு."

"ஊசி ஒடஞ்சது தெரியலையா?"

மூக்கம்மாள் இன்னொரு முறை விஜயராணியைப் பார்த்தாள். இந்த முறை சீக்கிரம் பார்வையை எடுத்துக்கொண்டாள். "ஒடஞ்சிருக்கும். ஒடையாமலா குத்தும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உங்கள நம்பித்தான அத்தை பேரே போட்டோம்."

"ஆமா பிள்ள. பேரு போடாம இருந்திருக்கணும்," என்றாள் மூக்கம்மாள். போய்த் தன் டிபன் கேரியரையும் குடையையும் எடுத்தாள். மிஷினை அணைத்து, அதன் தலையில் எப்போதும் போடுகிற பழைய துண்டைப் போட்டு மூடினாள். "வாரேன் ராணி," என்றாள். இருபத்தாறு வருஷமாகச் சொல்கிற அதே மாதிரிதான் சொன்னாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேர்கிற வரைக்கும் விஜயராணி கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"பாவமுங்க," என்றாள் ஜெயசுதா. "ஒரு நூல் பிசிர விடமாட்டாங்க அவங்க. அவங்களுக்கே இப்பிடின்னா நாமெல்லாம் எம்மாத்தரம்."

அன்று மத்தியானம் விஜயராணியால் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பயத்தால் வாய் வரவில்லை என்று நினைத்துப் பார்த்தாள். அது முழு உண்மையாக இல்லை. மகள் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று நினைத்துப் பார்த்தாள், அதுவும் பாதிதான். அடியில் இன்னொன்று கிடந்தது. போன ஆவணியில் பெங்களூரிலிருந்து ஒருத்தர் எழுதியிருந்தார்: மூக்கம்மாள் என்று பேர் போட்ட பையே வேண்டும் என்று. பிரியங்கா அதைச் சத்தமாக வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். இவளும் தட்டினாள். பையின் நெற்றியில் தன் பேர் இருக்க, ஜனங்கள் உள்ளே இருக்கிற பேரைத் தேடுகிறார்களே என்று அன்றைக்கு ஒரு சின்னக் கசப்பு வந்து போனது. வந்து போனது என்றுதான் நினைத்திருந்தாள். இன்றைக்கு அந்தப் பேர் கீழே விழுந்தபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசுக்குள் ஏதோ லேசானதே, அது என்ன? அதை அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினாள்.

பை வாங்கிய ஹைதராபாத் அம்மா வீங்கின கையின் படத்தையும் லேபிளின் படத்தையும் போன வாரமே இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். கொச்சியில் எண்பது பை கேட்டிருந்த ஹோட்டல்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வருவதாகச் சொன்னார்கள். பிரியங்கா மன்னிப்புக் கேட்டுப் போட்ட பதிலில், சம்பந்தப்பட்டவர் இப்போது எங்களோடு இல்லை என்று ஒரு வரி இருந்தது.

சனிக்கிழமை அவள் மேலே வந்து, "அம்மா, அந்த எண்பதுல முப்பத்தி நாலு அத்தை தச்சது. அந்தப் பேர அவங்க பாக்கக் கூடாது. பிரிச்சுட்டு உன் லேபிள வச்சுரு," என்றாள்.

விஜயராணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்தாள். லேபிளின் நாலு பக்கத் தையலையும் நூல் வெட்டுகிற டிரிம்மர் முனையால் ஒவ்வொன்றாகத் தூக்கி அறுக்க வேண்டும். இன்டர்லாக் துணி, கொஞ்சம் அவசரப்பட்டால் கண் விட்டு ஓடிவிடும். மூக்கம்மாளின் தையல் ஒரே அளவாக, அரிசியை வரிசையாக அடுக்கிய மாதிரி இருந்தது. அதைப் பிரிக்க மனசு வேண்டும். பிரித்த இடத்தில் விஜயராணி என்று நெய்த துணியை வைத்துத் தைத்தாள். ஒன்று. இரண்டு. நான் கெடுத்த பையில் அவள் பேர். அவள் தைத்த நல்ல பையில் என் பேர். ஆறாவது பையை முடித்தபோது கை நின்றுவிட்டது. எழுந்து கீழே போனாள்.

பிரியங்கா லேப்டாப்பில் இருந்தாள். ராஜபாண்டி கட்டிலில் மாலைப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையி நான் தச்சது," என்றாள் விஜயராணி.

"எந்தப் பை?"

"குத்துனது. மயினி அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. அவ கட்ட நான் தச்சேன். ஊசி எங்கிட்டத்தான் ஒடஞ்சது. முன கெடைக்கல. தெரிஞ்சேதான் அனுப்புனேன்."

ராஜபாண்டி பேப்பரை மடித்தார். பிரியங்கா லேப்டாப்பை மூடினாள்.

"அத்தை முன்னால நான் அத்தன கேள்வி கேக்கும்போது, நீ பக்கத்துலயேதானம்மா நின்ன?"

"ஆமா."

"டீ குடிச்சுட்டு."

"குடிக்கல."

பிரியங்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுவாள் என்று விஜயராணி எதிர்பார்த்தாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை எடுத்தபோது அவள் முகம் வேலை முகமாக மாறியிருந்தது.

"சரி. இப்ப இத யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

"ஏட்டி..."

"வெப்சைட்டத் தொறந்தா மொதல்ல என்ன வருது? உன் கை. உன் ரெண்டு கையும் தோல மடிக்கற போட்டோ. பேரு உன் பேரு. கதை உன் கதை. அத்தை போனா ஒரு லேபிள் போச்சு. நீ போனா என்னம்மா இருக்கு இங்க? அஞ்சு குடும்பம் சாப்பிடுது." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "அத்தைக்கு நான் வேற ஏதாச்சும் பண்றேன். கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்ட்டுக்கலாம்."

"உங்க அம்மா சொல்லுததும் ஒரு பக்கம் யோசி," என்றார் ராஜபாண்டி.

"நான் யோசிக்கறதுனாலதான்ப்பா அம்மாவால அங்க நின்னு அழ முடியுது."

விஜயராணி அழவில்லை. சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. சொன்னது வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்து மறுபடி அவள் மேலேயே உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கறிக்கடையில் கூட்டம். வரிசை வீடுகளுக்குப் போகிற சந்தில் சாக்கடை பொங்கி, வடக்கத்திப் பையன்கள் செங்கல் போட்டு அதன் மேல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் வீட்டு வாசலுக்கே கருவாட்டுக் குழம்பு மணத்தது.

"வாட்டி. நேரஞ் சரியாத்தான் வந்துருக்க," என்றாள் மூக்கம்மாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே. "உக்காரு. சோறு வடிச்சுருதேன்."

ராக்கையா சுவரோரம் படுத்திருந்தார். சாயப்பட்டறையில் இருபது வருஷம் நின்ற கால் இரண்டும் ஊதி மினுமினுத்தது. "வா தாயி," என்றார். "மானேஜரம்மா வந்துருக்கா. எனக்கும் ரெண்டு கருவாட்டுத் துண்டு கேட்டு வாங்கிக் குடு. உப்பு ஆகாதுங்கா உங்க மயினி."

"உப்பத் தின்னுட்டு வெள்ளிக்கெழம மிஷின்ல கெடந்து அலறுவாரு. நாந்தான் கேக்கணும்," என்றாள் மூக்கம்மாள்.

விஜயராணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "மயினி, நான் சொல்லிட்டேன். வீட்டுல சொல்லிட்டேன்."

"சரி."

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"சரிட்டி. உக்காரு."

"ஏன் நீ சொல்லல? அன்னைக்கு நான் லீவுன்னு ஒரு வார்த்த போதுமே. நீ தேதியப் பாத்தல்லா?"

மூக்கம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டி மேல் வைத்தாள். "தேதியப் பாத்துத்தான் எனக்குத் தெரியணுமாக்கும்? மறுநாள் காலைல நான் வந்து உக்காரயிலயே தெரியும். நூல் கண்டு கீழ விழுந்துச்சுன்னு குனிஞ்சேன். மேசைக்கு அடியில ஒட்டி வச்சிருந்தியே."

"என்னத்த?"

"ரெண்டு ஊசித் துண்ட. டேப்பு போட்டு, தேதியும் போட்டு. வி.ரா.ன்னு கையெழுத்து வேற." மூக்கம்மாள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "கம்பெனி நோட்டுல ஒட்டுத மாதிரியே. ரெண்டு துண்டுதான் இருந்துச்சு. மூணாவதக் காணும். சரி, சாயங்காலத்துக்குள்ள எங்கிட்டச் சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. கைப்பிடிய அறுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருப்பா, ஊசி நோட்டு வச்சிருந்தவளுக்கு நாம புத்தி சொல்லணுமான்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

விஜயராணி வாசல் நிலையை விட்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். ஒட்டியது நினைவே இல்லை. மனசு மறைத்ததைக் கை அதுபாட்டுக்கு எழுதி ஒட்டி வைத்திருக்கிறது.

"அத எடுத்து அவகிட்டக் காட்டியிருக்கலாமே மயினி."

"உன் மக முன்னால குனிஞ்சு மேசைக்கு அடியில காட்டச் சொல்லுதியா? அவ மூஞ்சி என்னாகும், உன் மூஞ்சி என்னாகும்? நீயாச் சொல்லணும்னு பாத்தேன். ரெண்டு வட்டம் பாத்தேன். மூணாவது வட்டம் பாக்க எனக்கே வெக்கமா இருந்துச்சு."

தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றி முன்னால் வைத்தாள். இரண்டு துண்டு கருவாடு. நல்ல நடுத்துண்டு.

"வந்துரு மயினி. நாளைக்கே வா."

"நான் வீரபாண்டியில ஒரு பவர்டேபிள் தையல் கம்பெனில சேந்துட்டேன். காலைல எட்டு மணிக்கு வேன் வருது. பனியனுக்குச் சைடு அடிக்கணும். கண்ண மூடிட்டு அடிச்சுருவேன்." கழுத்தில் கிடந்த கயிற்றை இழுத்துக் காட்டினாள். அதில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, எண்பத்தேழு என்று எண். "அங்க பேரு கெடையாது. நம்பர்தான். நல்லாருக்கு."

ராக்கையா படுத்தபடியே சொன்னார்: "அந்தப் பேரு போட்ட துணிய இவ என் ஆஸ்பத்திரி பைல்லதான் வச்சிருந்தா தாயி. அங்க நர்சு பிள்ளைககிட்டயெல்லாம் காட்டுவா. ரேசன் கார்டுலகூட மூக்கம்மானு தப்பாத்தான் இருக்கு. இதுலதான் ள் போட்டுச் சரியா இருக்குன்னு."

"இவரு ஒருத்தரு," என்றாள் மூக்கம்மாள். "போன வெள்ளிக்கெழம எடுத்து அடுப்புல போட்டுட்டேன். நைலானு. நாத்தமா நாறிச்சு."

விஜயராணி சோற்றில் கை வைத்தபடியே இருந்தாள்.

"தின்னு. ஆறுது."

"முப்பத்தி நாலு பையிலயும் உன் லேபிளப் பிரிச்சுட்டு என்னுத வைக்கச் சொல்லியிருக்கா. ஆறு பையில வச்சுட்டேன்."

அதுவரை எதற்கும் மாறாத மூக்கம்மாளின் முகம் அப்போதுதான் மாறியது. அடுப்புப் பக்கம் திரும்பி, அணைந்திருந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த முப்பத்தி நாலுல ஒண்ணுகூடக் குத்தாதுட்டி," என்றாள். "ஒவ்வொண்ணையும் என் கன்னத்துல வச்சு உருவிப் பாத்துத்தான் வச்சேன்."

விஜயராணி சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து கை கழுவியபோது மூக்கம்மாள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். வாரேன் என்று இவள் சொன்னாள். வா என்று அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் விஜயராணி கூடத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிஷின்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. கடைசி மேசைக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்தாள். இருந்தது. டேப் விளிம்பில் தூசி கறுத்திருந்தது. உள்ளே இரண்டு துண்டு, தேதி, கையெழுத்து. நகத்தால் மெல்ல உரித்து எடுத்தாள். கீழே போய்ப் பிரியங்காவின் மேசையிலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்தாள். முனையைத் தட்டி உள்ளங்கையில் விட்டு, மற்ற இரண்டோடும் சேர்த்துப் பார்த்தாள். பொருந்தியது. ஒரு முழு ஊசி.

ஆறு பையையும் எடுத்துத் தன் பேரைப் பிரித்தாள். பிரித்துப் போட்டிருந்த மூக்கம்மாளின் லேபிள்களைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி, ஊதி, விரலால் நீவி, பழைய ஊசித் துளைகளின் மேலேயே பொருத்தித் தைத்தாள். அவளுடைய தையல் அவ்வளவு சீராக வராது. வந்த வரைக்கும் தைத்தாள். மற்ற இருபத்தெட்டையும் தொடவில்லை. பிறகு இருநூற்றுப் பன்னிரண்டை மடியில் வைத்து, அதிலிருந்து மூக்கம்மாளின் பேரை அறுத்து எடுத்தாள். அந்த இடத்தில் தன் பேரை வைத்து நாலு பக்கமும் தைத்தாள். புதுசாக ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் மூன்று துண்டையும் ஒட்டினாள். தேதி, மிஷின் நம்பர், தைத்தவர். 'கிடைத்த துண்டு' என்ற இடத்தில் மூன்று என்று எழுதினாள். மூன்றாவது எங்கே கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும். நோட்டு வைத்திருந்த காலத்தில் அவள் போட்ட விதி அது. வாங்கியவர் கையில், என்று எழுதினாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பிரியங்கா மேலே வந்தாள். ஹோட்டல்காரர்களுக்காகப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வரிசையாக அடுக்கியிருந்த பைகளில் ஒன்றைத் திறந்து உள்ளே கையை விட்டாள். லேபிளைப் பார்த்தாள். அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். அப்புறம் மேசை நடுவில் தனியாக நிற்கிற பையையும், பக்கத்தில் விரித்து வைத்திருந்த நோட்டையும் பார்த்தாள். நின்றபடியே வாசித்தாள்.

"அவங்க பத்து மணிக்கு வர்றாங்கம்மா," என்றாள். குரல் கெஞ்சியது. "இன்னும் நேரம் இருக்கு."

"இருக்கட்டும். வரட்டும். நானே சொல்லுதேன்."

"அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?"

அவர்கள் போய்விடலாம். எண்பது பையும் இங்கேயே வெள்ளை பூத்துக் கிடக்கலாம். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. மணி எட்டாகப் போகிறது. விஜயராணி இருநூற்றுப் பன்னிரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

செங்கல்களைத் தாண்டி மூக்கம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் மடக்கின குடை, கழுத்தில் அட்டை. இந்த ஜன்னலைத் தாண்டித்தான் வேனுக்குப் போக வேண்டும். விஜயராணி பையைச் சற்று உயர்த்திப் பிடித்தாள். கூப்பிட வாயெடுத்தாள். மூக்கம்மாள் பாதையில் தேங்கிய தண்ணீரையே பார்த்து நடந்து, வேனில் ஏறி, உள்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வேன் வீரபாண்டி பக்கம் திரும்பியது.

பின்னால் பிரியங்கா கடைசி மிஷினின் ஸ்டூலில் உட்கார்வது கேட்டது. அவள் நோட்டை மூடவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. தகரத்தில் மறுபடி தூறல் விழத் தொடங்கியது. விஜயராணி கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கட்டைவிரலுக்கு நேராக முனை வெளியே வந்த துளை இருந்தது. தேடித் தடவினால்தான் தெரியும். பத்து மணிக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். முதல் வார்த்தை அவளுடைய சொந்தப் பேர்தான். அது வருவதற்கே நேரமாயிற்று.